குறி மாறும் இடம்: இரும்பு மீக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் இணைவது பற்றி

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஒற்றுமையைப் பற்றிப் பேச வந்த தோழர் ஒருவர் திடீரென இயற்பியலுக்குள் போய்விட்டார். கடுமையாகக் குளிரூட்டப்பட்ட உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கைகோத்துக்கொண்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகின்றனவாம். நாமும் வேறுபாடுகளை மறந்து கைகோத்தால் நம்மையும் எதுவும் தடுக்க முடியாதாம். கைதட்டல் பலமாகவே விழுந்தது. தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டேன்: "எலெக்ட்ரானும் எலெக்ட்ரானும் ஒன்னையொன்னு தள்ளிவிடும்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது எப்படித் தோழர் கைகோக்குது?" "அதெல்லாம் விஞ்ஞானிங்க பாத்துக்குவாங்க" என்று சிரித்தார்.

நமது சிறுபத்திரிகைச் சூழலின் பழைய வியாதி இது. உவமை வேண்டும், உவமானம் எப்படி வேலை செய்கிறது என்பது வேண்டாம். ஐன்ஸ்டைனை 'எல்லாமே சார்பானது' என்று சுருக்கினோம். ஹைசன்பர்க்கை 'எதுவுமே நிச்சயமில்லை' என்று சுருக்கினோம். குவாண்டம் என்ற சொல்லை வேதாந்திகளும் பயன்படுத்தினார்கள், அவர்களை மறுத்த நாமும் பயன்படுத்தினோம். இரு தரப்புக்கும் அது மந்திரமாகவே இருந்தது.

அந்தக் கேள்வியை நான் விடவில்லை. இயற்பியல் படித்த நண்பர் ஒருவரைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் தொந்தரவு செய்து, தமிழ் எம்.ஏ. படித்த மூளைக்கு எட்டுகிற அளவில் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எலெக்ட்ரான்கள் இணைவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. இரும்பு அந்த நம்பிக்கையை எப்படிக் குலைத்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

1

1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஒன்னஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. குறைந்தது என்பதல்ல, அளவிட முடியாதபடி இல்லாமலே போனது. இதற்குப் பெயர் மீக்கடத்தல். இது ஏன் நிகழ்கிறது என்று சொல்ல இன்னும் 46 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் கோட்பாட்டைத் தந்தார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். உலோகத்துக்குள் நேர்மின் அயனிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் எலெக்ட்ரான் அவற்றுக்கிடையே போகும்போது அயனிகளைத் தன் பக்கம் லேசாக இழுக்கிறது. எலெக்ட்ரான் வேகமானது, அயனி கனமானது, மந்தமானது. எலெக்ட்ரான் கடந்து போன பிறகும் இழுபட்ட அயனிகள் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்து எழுந்து போன பிறகும் பள்ளம் கொஞ்ச நேரம் இருப்பதைப் போல, அங்கே நேர்மின் சற்றுக் கூடிய ஒரு பள்ளம் நிற்கிறது. அந்தப் பள்ளத்தை நோக்கி இரண்டாவது எலெக்ட்ரான் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இல்லாததால் அவற்றுக்கிடையிலான விலக்கம் பெரிதாகத் தெரிவதில்லை. அயனிகளின் அதிர்வே இங்கே பசை. அந்த அதிர்வுக்கு ஃபோனான் என்று பெயர். பாதரசத்தின் கனமான ஐசோடோப்பில் மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை குறைகிறது என்று 1950லேயே கண்டறிந்திருந்தார்கள். அயனியின் எடை கணக்கில் வருகிறது என்றால் அயனியின் அசைவு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நம் தோழரின் 'கைகோத்த ஜோடி' இங்கேயே அடிபட்டுப் போகிறது. கூப்பர் இணை என்பது பக்கத்துப் பக்கத்தில் நடந்துபோகும் இருவர் அல்ல. ஓர் இணையின் அகலம் அணுக்களின் இடைவெளியைப் போல நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கக்கூடும். அந்த அகலத்துக்குள் எண்ணற்ற மற்ற இணைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்த ஒரே கூட்டு அலையாகவே மொத்தமும் இயங்குகிறது. ஓர் இணையை உடைக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற ஓர் இடைவெளி உருவாகிவிடுகிறது. வழியில் கிடக்கும் சில்லறை மோதல்களால் அதைச் செலுத்த முடிவதில்லை. தடை மறைவதன் ரகசியம் இந்தக் கூட்டு நிலையில் இருக்கிறது.

2

இணையில் உள்ள இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்: ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. காந்தமோ எல்லாச் சுழற்சியையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஆகவே காந்தம் இணையின் எதிரி. மீக்கடத்தியில் சிறிதளவு காந்த அணுக்களைக் கலந்தாலே மீக்கடத்தல் செத்துப்போகும் என்பது சோதனையில் கண்ட உண்மை. நூற்றுக்கணக்கான மீக்கடத்திகளைக் கண்டுபிடித்த பெர்ன்ட் மத்தியாஸின் பெயரில் சில விதிகள் சொல்வழக்கில் உலவுகின்றன. காந்தத்திடமிருந்து விலகி இரு என்பது அவற்றில் ஒன்று. கோட்பாட்டாளர்களிடமிருந்து விலகி இரு என்பது இன்னொன்று!

காந்தம் என்றாலே இரும்புதான். எனவே இரும்பு விலக்கப்பட்ட உலோகமாயிற்று. 2001இல் ஜப்பானியர்கள் இரும்பையே மீக்கடத்தியாக்கிக் காட்டினார்கள். ஆனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல லட்சக்கணக்கான மடங்கு நெருக்கி, இரும்பு தன் காந்தத்தைத் தொலைத்த பிறகே அது நடந்தது. கிடைத்ததும் 2 கெல்வின்தான். விதியை அது உறுதிசெய்தது என்றே சொல்ல வேண்டும்.

விதியில் முதல் பெரிய ஓட்டை 1986இல் விழுந்தது. பெட்நோர்ஸும் ம்யுல்லரும் தாமிர ஆக்ஸைடுகளில் அதுவரை காணாத உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டார்கள். காந்த ஒழுங்கு உடைய பொருள்களிலிருந்து பிறந்த மீக்கடத்திகள் அவை. ஆனாலும் தாமிரம் ஒரு விதிவிலக்கு என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது.

அந்த இடத்தையும் அடைத்தவர் ஹிடியோ ஹோசோனோ. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஒளி ஊடுருவும் குறைக்கடத்திகளைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். மீக்கடத்தி அவருடைய துறையே இல்லை. 2006இல் அவரது குழு லாந்தனம், இரும்பு, பாஸ்பரஸ், ஆக்ஸிஜன் சேர்ந்த ஒரு பொருளில் சுமார் 4 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2008 பிப்ரவரியில் பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கை வைத்து, ஆக்ஸிஜனில் சுமார் பத்தில் ஒரு பங்கை ஃப்ளூரினாக மாற்றியபோது வெப்பநிலை 26 கெல்வினுக்கு எகிறியது. சீனக் குழுக்கள் லாந்தனத்தின் இடத்தில் சமாரியத்தை வைத்தன. சில வாரங்களில் 43, பிறகு 55 கெல்வின். அதே ஆண்டில் ஜெர்மனியில் பேரியம்–இரும்பு–ஆர்செனிக் பொருளில் 38 கெல்வின் கிடைத்தது. தைவானில் வெறும் இரும்பு–செலினியத்தில் 8 கெல்வின்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒரே ஓர் அடுக்கு. இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களாக அமர்ந்திருக்கின்றன. ஆர்செனிக்கோ செலினியமோ அந்தத் தளத்துக்கு மேலும் கீழுமாக மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. வேற்றணு எதுவும் கலக்காத மூலப்பொருள்களில் பெரும்பாலானவை குளிரும்போது காந்த ஒழுங்கு கொள்கின்றன. அந்த ஒழுங்கு கோடுகோடாக இருக்கிறது. ஒரு வரிசை முழுக்கச் சுழற்சி மேல்நோக்கி, அடுத்த வரிசை முழுக்கக் கீழ்நோக்கி. அணுக்களை மாற்றியோ அழுத்தம் கொடுத்தோ இந்த ஒழுங்கைக் கலைத்தால், கலைந்த இடத்தின் விளிம்பில் மீக்கடத்தல் தலைதூக்குகிறது. காந்தம் எதிரி என்றால் அதன் வாசற்படியில் மீக்கடத்தலுக்கு என்ன வேலை?

3

முதலில் பழைய பசையையே சோதித்துப் பார்த்தார்கள். அயனி அதிர்வுக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள பிணைப்பை 2008லேயே கணக்கிட்ட போயெரியும் அவரது சகாக்களும், ஃபோனானை மட்டும் நம்பினால் 1 கெல்வினைக்கூட எட்ட முடியாது என்று காட்டினார்கள். கண்ணெதிரே 26 இருக்கிறது. ஆக, பசை வேறு.

அதே ஆண்டில் மாஸின், சிங் முதலியோரும், ஜப்பானில் குரோக்கி குழுவினரும் தனித்தனியாக ஒரே பதிலுக்கு வந்தார்கள். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள ஒரு வரைபடம் தேவை. இது இடத்தின் வரைபடம் இல்லை, உந்தத்தின் வரைபடம். எந்த வேகத்தில், எந்தத் திசையில் போகும் எலெக்ட்ரான் எங்கே என்று குறிப்பது. எலெக்ட்ரான்கள் நிரம்பிய பகுதிக்கும் காலியான பகுதிக்கும் நடுவே உள்ள கரைக்கு ஃபெர்மி பரப்பு என்று பெயர். மின்னோட்டம், இணைதல் எல்லாம் இந்தக் கரையில்தான் நடக்கின்றன. சாதாரண உலோகத்தில் கரை ஒரே பெரிய வளையமாக இருக்கும். இந்த இரும்புப் பொருள்களில் அது சிறு சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. நடுவில் சில திட்டுகள்: இவை துளைகளின் திட்டுகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாமையால் ஆனவை. ஓரத்தில் சில திட்டுகள்: இவை எலெக்ட்ரான்களால் ஆனவை. நடுத்திட்டைத் தூக்கி ஓரத்திட்டின் மேல் வைத்தால் ஏறக்குறைய பொருந்தும். அப்படித் தூக்கி வைக்க எவ்வளவு நகர்த்த வேண்டுமோ, அந்த நகர்வும் கோடுகோடான காந்த ஒழுங்கின் அலையும் ஒன்றே.

காந்த ஒழுங்கு கலைந்த பிறகும் அதன் நடுக்கம் போவதில்லை. சுழற்சிகள் கோடுகளாக அணிவகுக்க முயல்வதும் கலைவதுமாக இருக்கின்றன. இந்தச் சுழற்சி ஏற்ற இறக்கம்தான் புதிய பசை என்றார்கள். ஆனால் இதில் ஒரு சங்கடம். எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட இணையைப் பொறுத்தவரை, இது நடுத்திட்டுக்கும் ஓரத்திட்டுக்கும் இடையே உண்டாக்குவது ஈர்ப்பை இல்லை, விலக்கத்தை. விலக்கம் எப்படி இணைக்கும்?

இங்கே ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு வருகிறது. ஓர் இணை நடுத்திட்டிலிருந்து ஓரத்திட்டுக்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாவலுக்கான ஆற்றலில் மூன்று எண்கள் பெருக்கப்படுகின்றன: இடைவினையின் வலு, நடுத்திட்டில் இணையின் அலைவீச்சு, ஓரத்திட்டில் இணையின் அலைவீச்சு. விடை கழித்தலாக வந்தால் ஆற்றல் குறைகிறது, இணை நிலைக்கிறது. கூட்டலாக வந்தால் இணை உருவாகாது. ஈர்ப்பு என்பது கழித்தல் குறி. அங்கே இரு அலைவீச்சும் ஒரே குறியில் இருந்தால் விடை கழித்தல். பழைய மீக்கடத்தியின் கதை அது. விலக்கம் என்பது கூட்டல் குறி. அலைவீச்சுகளும் ஒரே குறியில் இருந்தால் விடை கூட்டல், காரியம் கெட்டது. ஆனால் நடுத்திட்டில் அலைவீச்சு கூட்டலாகவும் ஓரத்திட்டில் கழித்தலாகவும் இருந்தால்? பிளஸ் இன்ட்டு மைனஸ் மைனஸ். பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொன்னதுதான். விலக்கம் விலக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் இணை நிலைக்கிறது.

இதையே இடத்தின் மொழியிலும் சொல்லலாம். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இரு எலெக்ட்ரான்களும் ஒரே அணுவின் மேல் சேர்ந்திருக்கும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. மூலைவிட்டத்தில் எதிரே உள்ள அணுக்களில் ஆளுக்கொன்றாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கோடுகோடான காந்த ஒழுங்கில் மூலைவிட்டத்து அணுக்களின் சுழற்சிகள் எதிரெதிரானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலகி இருப்பதற்கான ஏற்பாட்டோடுதான் இவை இணைகின்றன.

இந்த அமைப்புக்கு இயற்பியலாளர்கள் 'எஸ் பிளஸ்–மைனஸ்' என்று பெயர் வைத்தார்கள். தாமிர ஆக்ஸைடுகளிலும் குறி மாறுகிறது. ஆனால் அங்கே ஒரே கரையில் நடந்துபோகும்போது நான்கு முறை மாறுகிறது. இங்கே திட்டுக்குத் திட்டு மாறுகிறது.

குறி என்ற சொல் நம் வாசகர்களுக்கு வேறொன்றை நினைவூட்டாமல் போகாது. மொழியில் குறிக்கென்று தனி மதிப்பு கிடையாது, மற்றக் குறிகளிலிருந்து அது வேறுபடுவதே அதன் மதிப்பு என்றார் சசூர். இங்கேயும் நடுத்திட்டைக் கழித்தல் என்றும் ஓரத்திட்டைக் கூட்டல் என்றும் மாற்றி எழுதினால் இயற்பியலில் ஒரு மாற்றமும் இல்லை. தனிக்குறிக்கு அர்த்தம் இல்லை, குறிகளுக்கிடையிலான வேறுபாடு மட்டுமே உண்மை. ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் நம்மை நாமே பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். சசூரின் குறி சமூக வழக்கால் நிற்பது. இந்தக் குறி ஓர் அலையின் கணிதக் குறி. இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது தமிழின் தற்செயல். உள்ளே நுழைய அந்த ஒற்றுமை ஒரு படிக்கட்டாக உதவியது, அவ்வளவுதான். இந்தக் குறி நிஜமாகவே மாறுகிறதா என்று சசூரால் சொல்ல முடியாது. சோதனை சொல்ல வேண்டும்.

4

சோதிப்பதும் எளிதாக இல்லை. ஒளியைப் பாய்ச்சி எலெக்ட்ரானை வெளியேற்றிப் பார்க்கும் முறையில் ஆற்றல் இடைவெளியின் அளவு தெரியும், குறி தெரியாது. 5 என்பதும் மைனஸ் 5 என்பதும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான்.

எனவே சுற்றுவழியில் போனார்கள். நியூட்ரான்களை மோதவிட்டால் அவை எலெக்ட்ரானை ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தள்ளும். இரு திட்டுகளின் குறியும் எதிரெதிரானால், மீக்கடத்தல் தொடங்கியதும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் கூர்மையான முகடு எழ வேண்டும் என்பது கணிப்பு. 2008லேயே பொட்டாசியம் கலந்த பேரியம்–இரும்பு–ஆர்செனிக்கில் 14 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அருகே அந்த முகடு எழுந்தது. 2010இல் ஜப்பானில் ஹனகூரி குழுவினர், அணு அளவிலான ஊசிமுனை நுண்ணோக்கியால் இரும்பு–செலினியம்–டெல்லூரியத்தில் எலெக்ட்ரான் அலைகளின் குறுக்கீட்டைப் படமெடுத்தார்கள். காந்தப்புலத்தைச் செலுத்தியதும், ஒரே குறியுள்ள பகுதிகளுக்கிடையிலான சிதறல் கூடியது, எதிர்க்குறிப் பகுதிகளுக்கிடையிலான சிதறல் குறைந்தது. குறி மாறுகிறது என்ற கட்சிக்கு இவை வலுவான சாட்சிகள்.

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. கொன்டானியும் ஒனாரியும் சொன்னது இது. இரும்பில் எலெக்ட்ரான்கள் ஐந்து வகை ஆர்பிட்டால்களில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, சதுரத்தின் இரு திசைகளை நோக்கி நீண்டவை, சம ஆற்றல் கொண்டவை. எந்த ஆர்பிட்டாலில் கூடுதலாக இருப்பது என்று எலெக்ட்ரான்கள் இங்குமங்கும் ஊசலாடுகின்றன. குளிரும்போது சதுரக் கட்டம் லேசாகச் செவ்வகமாகிறது. ஆனால் அந்தச் சிறு கோணலுக்குப் பொருந்தாத அளவுக்கு எலெக்ட்ரான்கள் திசை பார்க்கத் தொடங்குகின்றன. இந்த ஊசலாட்டமும் இரும்பு அணுக்களின் அதிர்வும் சேர்ந்தால் அசல் ஈர்ப்பே உருவாகும், குறி மாற வேண்டிய அவசியமே இல்லை என்பது அவர்கள் வாதம். இதற்கு 'எஸ் பிளஸ்–பிளஸ்' என்று பெயர்.

அவர்களுடைய பலமான சாட்சி அழுக்கு. கூட்டல் திட்டும் கழித்தல் திட்டும் இருக்கும் பொருளில் காந்தமில்லாத அழுக்கணுவைக் கலந்தால், அது எலெக்ட்ரான்களைத் திட்டு மாற்றிச் சிதறடிக்கும். கூட்டலும் கழித்தலும் கலந்தால் மிச்சம் பூஜ்யம். மீக்கடத்தல் வேகமாக அழிய வேண்டும். பல சோதனைகளில் அவ்வளவு வேகமாக அழியவில்லை. அழுக்கு பெரும்பாலும் ஒரே திட்டுக்குள்ளேயே சிதறடிக்கிறது, திட்டு மாற்றுவது குறைவு என்று மறுதரப்பு பதில் சொன்னது. நியூட்ரான் முகடுகூட குறி மாறாமலே வரலாம் என்று கொன்டானி தரப்பு திருப்பிக் கேட்டது. ஒரே சோதனைப் பிரதிக்கு இரண்டு வாசிப்புகள்! ஆனால் நம் இலக்கியச் சண்டைகளைப் போல 'உன் வாசிப்பு உனக்கு, என் வாசிப்பு எனக்கு' என்று அவர்கள் எழுந்து போய்விட முடியாது. முகட்டின் அகலம் என்ன, அழுக்கின் அளவு என்ன என்று மேலும் மேலும் நுணுக்கமாக அளந்தாக வேண்டும்.

5

உண்மையான நெருக்கடி மூன்றாவது திசையிலிருந்து வந்தது. 2010இல் பொட்டாசியம் செருகிய இரும்பு–செலினியத்தில் சுமார் 30 கெல்வினில் மீக்கடத்தல் கிடைத்தது. 2012இல் சீனாவில் சுவே சிகுன் குழுவினர், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் மேல் ஒரே ஓர் அடுக்கு இரும்பு–செலினியத்தை வளர்த்தார்கள். கட்டியாக இருக்கும்போது 8 கெல்வின் தரும் அதே பொருளில் 65 கெல்வின் வரை ஆற்றல் இடைவெளி தென்பட்டது. இந்த இரண்டிலும் நடுத்திட்டே இல்லை! அது கரைக்குக் கீழே மூழ்கிவிட்டது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான குறி வேறுபாடு என்ற அழகான கதையில் ஒரு பாத்திரத்தையே காணோம். ஆனாலும் மீக்கடத்தல் முன்னைவிடப் பலமாக நிற்கிறது.

பதில்கள் பலவாகக் கிளைத்தன. ஓரத்திட்டுகள் தங்களுக்குள்ளேயே குறி மாற்றிக்கொள்கின்றன என்றார்கள் சிலர். மூழ்கிய திட்டும் கீழிருந்தபடியே வேலை செய்கிறது என்றார்கள் வேறு சிலர். ஒற்றை அடுக்குக்கு, அடியில் உள்ள படிகத்தின் அதிர்வு உதவுவதற்கான தடயங்கள் 2014இல் கிடைத்தன. விரட்டிவிட்ட ஃபோனான் பின்வாசல் வழியாகத் துணைப்பாத்திரமாக உள்ளே வந்தது.

இன்னொரு கிளை, திட்டுகளின் வடிவத்தை நம்புவதே தவறு என்றது. இரும்பில் உள்ள எலெக்ட்ரான்கள் சுதந்திரமாக அலைபவையும் இல்லை, அணுவில் கட்டுண்டவையும் இல்லை. இரண்டுங்கெட்டான்கள். ஒரே அணுவின் வெவ்வேறு ஆர்பிட்டால்களில் உள்ள எலெக்ட்ரான்கள் தங்கள் சுழற்சியை ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள விரும்புகின்றன. இது ஹுண்ட் விதி. இதன் விளைவாக எலெக்ட்ரான்கள் கனத்துப் போகின்றன, அதுவும் ஆர்பிட்டாலுக்கு ஆர்பிட்டால் வெவ்வேறு அளவில். ஹௌலேயும் கோட்லியாரும் 2009இல் இதை விளக்கினார்கள். இந்த நோக்கில் அண்டை அணுக்களின் சுழற்சிகளுக்கிடையிலான நேரடிப் பரிமாற்றமே இணையை உண்டாக்குகிறது, நடுவே பசை என்று தனியாக ஒன்று ஓடித் திரிய வேண்டியதில்லை. தாமிர ஆக்ஸைடுகளுக்கு இத்தகைய பார்வையை 1987லேயே முன்வைத்தவர் ஆண்டர்சன். அவரோடு சேர்ந்து அதன் கணிதத்தை வகுத்தவர்களில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2017இல் டேவிஸ் குழுவினர் இரும்பு–செலினியத்தில் கண்டது இரு தரப்புக்கும் கொஞ்சம் கொடுத்தது. இடைவெளியின் குறி திட்டுக்குத் திட்டு மாறுகிறது. ஆனால் இணைவதில் எல்லா ஆர்பிட்டால்களுக்கும் சம பங்கு இல்லை, ஒரு வகை ஆர்பிட்டாலின் எலெக்ட்ரான்களே முக்கியமாக இணைகின்றன.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்வதானால், ஆர்செனிக் உள்ள பெரும்பாலான பொருள்களில் சுழற்சி ஏற்ற இறக்கமும் குறி மாற்றமும்தான் காரணம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. செலினியம் உள்ளவற்றில், அதிலும் ஒற்றை அடுக்கில், விவாதம் முடியவில்லை. எல்லா இரும்பு மீக்கடத்திகளுக்கும் ஒரே சாராம்சம் இருக்க வேண்டுமா என்ற கேள்வியே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

6

இதையெல்லாம் அந்தத் தோழரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு உடனே, "அப்ப விலகி நிக்கிறவங்கதான் உண்மையா சேர முடியும், அதை விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சுன்னு அடுத்த கூட்டத்துல பேசலாமா?" என்றார்.

பேசக் கூடாது தோழர். வேறுபாடுகளை மறந்தால் ஒற்றுமை வரும் என்பதற்கு எலெக்ட்ரான் சாட்சி சொல்லவில்லை. வேறுபாடுகளை வைத்துக்கொண்டே ஒற்றுமை வரும் என்பதற்கும் அது சாட்சி சொல்லாது. இரண்டாவது எனக்குப் பிடித்த அரசியல். அதனால்தான் அதை இயற்பியலிடமிருந்து கடன் வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சேரியும் ஊரும் எப்படிச் சேர்வது, சேர்வதென்றால் யார் நிபந்தனையில் என்பதை நாம் நம்முடைய வரலாற்றை வைத்தே வாதிட்டாக வேண்டும். இரும்பு அதற்குப் பதில் சொல்லாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவர்கள் சண்டை போட்ட விதத்தை. குறி மாறுகிறது என்று சொன்னவர்கள், மாறாவிட்டால் நியூட்ரான் சோதனையில் என்ன தெரியும், அழுக்கு கலந்தால் என்ன ஆகும் என்பதையும் கூடவே சொன்னார்கள். நடுத்திட்டு காணாமல் போன பொருள் வந்தபோது, 'இது அசல் இரும்பு மீக்கடத்தியே இல்லை' என்று அதைத் தள்ளிவைத்துத் தங்கள் கோட்பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

முப்பது வருடங்களுக்கும் மேலாக நம் பத்திரிகைகளில் எத்தனையோ கோட்பாடுகளை அறிமுகம் செய்திருக்கிறோம். எந்தக் கவிதை, எந்தச் சம்பவம், எந்தப் போராட்டம் எதிரே வந்தால் இது பொய்த்துப்போகும் என்று அவற்றில் எதையாவது பற்றி எப்போதாவது எழுதியிருக்கிறோமா? என் பழைய கட்டுரைகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.